நனையும் ஷூ, நனையாத ஷூ

அன்புள்ள அம்மாவுக்கு,

"ஏல, துட்டையும் குடுத்துப் பிள்ளைய சகதியில தள்ளிவிட்டிருக்கியே, ஒனக்குக் கூறு இருக்கா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் போனை அக்காவிடம் கொடுத்துவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். நான் அனுப்பிய படத்தில் கண் மட்டும் தெரிகிற உருப்படி உன் பேத்தி மீனாதான். தள்ளியது பள்ளிக்கூடம். துட்டு மட்டும் நான்.

இங்கே ஆறாம் வகுப்போடு ஆரம்பப் பள்ளி முடிந்துவிடும். அந்தக் கடைசி வருஷம் வகுப்பையே மொத்தமாக மலைப் பக்கம் கூட்டிப்போய் இரண்டு ராத்திரி தங்க வைப்பார்கள். மீனாவின் வகுப்பு மான்செஸ்டரிலிருந்து வடக்கே, லேக் டிஸ்ட்ரிக்டில் அல்ஸ்வாட்டர் என்ற ஏரிக்கரைக்குப் போனது. பாறையேற்றம், படகு, அப்புறம் ஓடைக்குள் இறங்கி, தண்ணீர் வருகிற திசைக்கு எதிராக மேலே ஏறுவது. கடைசியாகச் சொன்னதை அண்ணனும் நானும் பாபநாசத்தில் வெறும் துண்டோடு செய்து உன்னிடம் அடி வாங்கியிருக்கிறோம். இவர்கள் ஹெல்மெட் மாட்டி, ரப்பர் உடுப்புப் போட்டு, ஆள் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கட்டணத்தை ரூபாயில் மாற்றிப் பார்க்காதே. நான் பார்த்தேன், அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதைவிடப் பெரிய கூத்து ஷூ. கொண்டுவர வேண்டிய சாமான் பட்டியலில் காலுக்கு மட்டும் நாலு ஜோடி. மலை ஏற பூட்ஸ். நனைய ஒரு ஷூ. நனையாமல் இருக்க ஒரு ஷூ. அறைக்குள் போட ஸ்லிப்பர். இதில் நனைகிற ஷூ கட்டாயம் பழசாக இருக்க வேண்டும், ஆனால் கிழிந்திருக்கக் கூடாது. சகதியில் கழன்று போகாமல் நாடா வைத்திருக்க வேண்டும். வளர்கிற பிள்ளையின் பழைய ஷூ காலுக்குச் சேருமா? சேருகிற ஷூ பழசாக இருக்குமா? கடைசியில், ஊரார் கழித்துப் போட்டதைத் தர்மத்துக்கு விற்கிற கடை ஒன்றில் மூன்று பவுண்டு கொடுத்து, யாரோ போட்டுக் கழற்றிய ஷூவை வாங்கினேன். ஆமாம் அம்மா, பிறத்தியார் செருப்பைக் காலில் மாட்டினாலே சனி பிடிக்கும் என்பாயே, அதைத்தான் காசு கொடுத்து வாங்கினேன். அதுவும் பார்க்கப் புதுசு போல இருந்ததா, பள்ளிக்கூடத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று உன் மருமகள் அதைத் தோட்டத்து மண்ணில் நாலு தேய்ப்புத் தேய்த்தாள்.

நடந்தது என்ன தெரியுமா? பஸ்ஸைவிட்டு இறங்கிய முதல் அடியே தேங்கிய தண்ணீரில். நனையக் கூடாத ஷூ நனைந்தது. பிறகு நனைய வேண்டியது நனைந்தது, பூட்ஸ் நனைந்தது. மூன்றாம் நாள் பிள்ளை ஸ்லிப்பரோடு வந்து இறங்கினாள். இங்கிலாந்தில் ஆள் குடியிருக்கிற இடங்களிலேயே அதிக மழை பெய்கிற சீத்வெயிட் இருப்பது அந்த வட்டாரத்தில்தான், வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல். நம் மலைமேல் இருக்கிற ஊத்து, நாலுமுக்கு மழையைப் பார்த்த நமக்கு அது தூறல். ஆனால் நம் மழை எலும்புக்குள் இறங்காது.

போவதற்கு முன்னால் போட்ட கையெழுத்துகள், வீடு வாங்கியபோதுகூட அவ்வளவு போடவில்லை. பிளாஸ்திரி ஒட்டலாமா என்பதற்குக்கூட ஒரு கட்டம். சிரித்துக்கொண்டே போட்டுவிட்டு, ஏன் இத்தனை காகிதம் என்று தேடிப் பார்த்தேன். 1993 மார்ச்சில் தெற்கே லைம் விரிகுடாவில், இப்படித்தான் துடுப்புப் படகுப் பயிற்சிக்குப் போன பள்ளிப் பிள்ளைகளில் நாலு பேர் இறந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு 1995-இல் சட்டம் போட்டு, இந்த மாதிரி இடங்களுக்கு உரிமம் வேண்டும் என்று ஆக்கினார்கள். இதை நான் படித்தது ராத்திரி பதினோரு மணிக்கு. காலையில் பஸ்.

மூன்று நாளும் போன் கிடையாது. குரலைக் கேட்டால் பிள்ளைகளுக்கு வீட்டு ஞாபகம் கூடிவிடுமாம். பெற்றவர்களுக்கு என்ன கூடும் என்று யாரும் எழுதவில்லை. 'பத்திரமாக வந்து சேர்ந்தோம்' என்று பள்ளியிலிருந்து வந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு மூன்று நாளை ஓட்டினோம். நான் இங்கே வந்த புதிதில் வாரத்துக்கு ஒருதரம்தான் கூப்பிடுவேன். "சாப்டியால?" என்பாய், "சாப்டேன்" என்பேன், கார்டு தீர்ந்துவிடும். மற்ற ஆறு நாளும் நீ எப்படி இருந்தாய் என்று இப்போதுதான் கேட்கத் தோன்றுகிறது. கேட்டால் "போல, சோலியப் பாரு" என்பாய்.

அழுதுகொண்டே வருவாள் என்று உன் மருமகள் காத்திருந்தாள். வந்தவள், இன்னும் இரண்டு நாள் இருந்திருக்கலாம் என்றாள். பாறையிலிருந்து கயிற்றில் இறங்கியதில் முதல் ஆள் இவள்தானாம். இதை எதிர்வீட்டு ஆச்சியிடம் மறக்காமல் சொல். அங்கே படுக்கை விரித்தாளாம், மேசை துடைத்தாளாம். இங்கே டம்ளரை எடுத்து வைக்கவே மனு போட வேண்டியிருக்கிறது.

கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1802-இல் டாஃபடில் பூக்களைப் பார்த்தது அந்த அல்ஸ்வாட்டர் கரையில்தான். பூவையே பார்க்காமல் நான் மனப்பாடம் செய்து சாரிடம் ஒப்பித்தேனே, அந்தப் பூக்களைப் பற்றி அவர் எழுதிய அதே பாட்டு. கூடவே தங்கை டாரதியும் நடந்திருக்கிறாள், நாட்குறிப்பும் எழுதியிருக்கிறாள். பாட்டில் இவர் மட்டும் தனியாகப் போகிறார். அண்ணன் சொல்கிற கதைகள் மாதிரியே. பூவைப் பார்த்தாயா என்று மீனாவிடம் கேட்டேன். "அது சீசன் இல்லப்பா, ஆட்டுப் புழுக்கைதான் இருந்தது" என்றாள்.

டிசம்பரில் வருகிறோம். பாபநாசத்தில் ஓடை ஏற வேண்டுமாம். அண்ணனிடம் இப்போதே சொல்லி வை: ஆழம் பார்த்தாயா, ஹெல்மெட் எங்கே, யாரிடம் கையெழுத்து வாங்கினாய் என்று கேட்பாள். கோபப்படக் கூடாது. துண்டோடு வந்து நின்றால் தண்ணீரில் இறங்க விடமாட்டாள்.

இப்படிக்கு,
உன் மகன்