அஸ்பிடிஸ்ட்ரா பரிபாலனம்: ஒரு பூர்வாங்க விசாரணை

செடி வளர்ப்பைக் குறித்து எழுந்துள்ள கிரந்தங்கள் யாவும், சற்றே ஊன்றிப் பார்க்குமிடத்து, மண்ணைக் கொத்து, எருவிடு, நீர் வார், கிளையை நறுக்கு, பூச்சியை ஒழி என்று மனிதன் செய்ய வேண்டியவற்றை மட்டுமே உபதேசிப்பனவாக இருக்கின்றன. விதிகள் அருகி விலக்குகளே பிரதானமாக நிற்க வேண்டிய தாவரம் ஒன்றும் இவ்வுலகில் உண்டென்பதையும், அதனைப் பரிபாலிக்கும் சாஸ்திரம் எமக்குத் திருப்தி தரும் வகையில் இன்னும் வகுக்கப்படவில்லை என்பதையும் கருதியே இச்சிறு விசாரணை மேற்கொள்ளப்படுகிறது. அத்தாவரத்தின் பெயர் அஸ்பிடிஸ்ட்ரா.

முதலில் லக்ஷணம் கூறுதல் மரபு. மண்ணுக்கு மேலே தண்டென்று சொல்லத்தக்கது இதற்கு இல்லை. மண்ணுக்குள்ளேயே கிடைமட்டமாக ஊர்ந்து செல்லும் கிழங்குத் தண்டிலிருந்து ஒவ்வோர் இலையும் தனித்தனிக் காம்போடு, மஞ்சள் செடியின் இலையைப் போல நீண்டு, இரண்டு இரண்டரை அடி உயரத்துக்கு எழும், கரும்பச்சையாய்ப் பளபளக்கும், மாரியிலும் கோடையிலும் உதிராது நிற்கும். ஓர் ஆண்டில் சில இலைகளுக்கு மேல் விடுவதைத் தன் கௌரவத்துக்குக் குறைவென்று அது எண்ணுவதாகத் தெரிகிறது. ஆயினும் அவசரப்படாத பிராணிகளுக்கும் பொருள்களுக்கும் உரிய முறையில், பல ஆண்டுகள் சென்றபின் பார்த்தால், வேறெதுவும் முளைக்க மறுக்கும் மரத்தடி முழுவதையும் அது தன் இலைகளால் மூடி விட்டிருக்கும்.

இதன் ஜன்மபூமி சீன தேசம் என்று வெகுகாலம் நம்பப்பட்டு வந்தது. உண்மையில் ஜப்பானின் தெற்கே, ககோஷிமாவைச் சேர்ந்த குரோஷிமா, சுவனோசே, உஜி முதலிய சிறு தீவுகளில், பசுமை மாறாத காடுகளின் அடித்தளத்தில், வெயில் வந்து விழ அஞ்சும் இருட்டில் இது இயற்கையாக வளர்கிறது. 1822-ல் கெர் காலர் என்ற ஆங்கிலேயத் தாவர நூலார் அஸ்பிடிஸ்ட்ரா என்னும் பேரினத்தை வகுத்தார். இன்று வீடுகளிலும் தோட்டங்களிலும் காணப்படும் இனத்துக்கு எலாடியர் என்று பெயரிட்டவர் ப்ளூமே. அது 1834-ல் நிகழ்ந்தது. பிறந்த ஊர் தவறாகப் பதிவாகியிருந்த அந்நெடுங்காலம் முழுவதும், அதைத் திருத்திக்கொள்ளச் செடியானது யாதொரு பிரயத்தனமும் செய்யவில்லை என்பது அதன் சுபாவத்தை அறிய விரும்புவோர் குறித்துக்கொள்ள வேண்டிய அம்சமாகும்.

பூவின் விஷயமாகப் பண்டிதர்களுக்குள் நிகழ்ந்த வாதம் இன்னும் சுவாரஸ்யமானது. பூக்கும் தாவரங்கள் பெரும்பாலும் தம் மலரை உயர்த்திக் காட்ட முயல, இதுவோ தரையோடு தரையாக, உதிர்ந்த சருகுக்கடியில் பாதி புதைந்து, ஊதாவும் தவிட்டு நிறமும் கலந்த, சதைப்பற்றுள்ள சிறு பூவொன்றை மலர்த்திவிட்டு, மலர்ந்த செய்தியை யாருக்கும் அறிவிக்காமல் இருந்துவிடுகிறது. செடியைப் பல வருஷம் வைத்திருந்தும் பூவைக் கண்டதே இல்லை என்போர் ஏராளம். இப்படிப்பட்ட பூவுக்கு மகரந்தம் கொண்டு வருவது யார்? ஓடில்லாத நத்தைகள் என்று ஒரு கட்சியார் நெடுநாள் சாதித்தனர். சருகில் துள்ளித் திரியும் இறாலுக்கு உறவான சிற்றுயிர்கள் என்றனர் வேறு சிலர். கடைசியில் கோபே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுயெட்சுகு கென்ஜியும் அவருடைய சகாவும் குரோஷிமாத் தீவின் காட்டிலேயே சென்று கவனித்து, காளான்களில் மொய்க்கும், கொசு போன்ற நுண்ணிய ஈக்களே பிரதான தூதர்கள் என்று நிலைநாட்டினர். தோற்றத்தில் காளானை ஒத்திருப்பதால் பூவானது அவற்றை ஏமாற்றி உள்ளே வரவழைக்கிறது என்பது அவர்களுடைய அனுமானம். சிரமமின்றிக் காரியம் சாதிப்பதற்கு இதைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது.

இனி, பரிபாலனம். இங்கே பிரமாணமாகக் கொள்ளத்தக்கது, விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தின் வரவேற்பறை. கம்பளத்தின் சாயம் வெளுக்காதிருக்கக் கனத்த திரைகள் எப்போதும் இழுத்து மூடப்பட்டிருக்கும். அடுப்பில் நிலக்கரி புகையும். மாலையானால் வாயு விளக்கின் ஆவி அறையை நிறைக்கும். எத்தனையோ செடிகள் அந்த மண்டபங்களில் பிராணனை விட்டன. அஸ்பிடிஸ்ட்ரா மாத்திரம் அதைத் தன் தீவின் காட்டுநிழலாகவே பாவித்து, இரும்பினால் வார்த்தது போல நின்றது. அதனாலேயே நடுத்தர வகுப்பாருடைய மரியாதைக்குச் சின்னமாயிற்று. சின்னமானதனாலேயே பரிகாசத்துக்கும் ஆளாயிற்று.

அப்பரிகாசத்தின் சிகரம் ஜார்ஜ் ஆர்வெல் 1936-ல் வெளியிட்ட நாவல். அஸ்பிடிஸ்ட்ரா என்ற பெயரை அதன் தலைப்பிலேயே காணலாம். இலக்கிய விமர்சகர்கள் அதைப் பணத்தின் கொடுமையைப் பற்றிய கதை என்கிறார்கள். தோட்டக்கலை நோக்கில் பார்த்தால், அது கடுமையான பரிசோதனை ஒன்றின் அறிக்கை என்பதே எமது துணிபு. அதன் நாயகனாகிய கார்டன் காம்ஸ்டாக், வாடகை அறையிலுள்ள ஏழே இலைகள் கொண்ட நோஞ்சான் செடியைக் கொன்றுவிடக் கங்கணம் கட்டிக்கொண்டு, நீர் விடாமல் பட்டினி போட்டும், எரியும் சிகரெட்டைக் காம்பில் தேய்த்து அணைத்தும், மண்ணில் உப்பைக் கலந்தும் பார்க்கிறான். செடி சாகவில்லை. பரிசோதனையில் ஒரேயொரு குறை உண்டு: பகைமையின் ஆயுதங்கள் அனைத்தையும் பிரயோகித்தவன், அன்பைப் பிரயோகித்துப் பார்க்கவில்லை. தினந்தோறும் காலையும் மாலையும் பரிவோடு ஒரு செம்பு நீர் வார்த்து, வெயில் காணட்டும் என்று ஜன்னலோரம் நகர்த்தி, மாதந்தோறும் உரமிட்டிருந்தானாகில், பிரதிவாதி நிச்சயமாக மடிந்திருக்கும்.

இது வீண் ஹாஸ்யமன்று. ரஸாயனமும் உடற்கூறும் இதையே சொல்லுகின்றன. தேங்கிய நீரில் வேருக்குக் காற்றில்லை. கிழங்குத் தண்டு அழுகும். நேர்வெயில் பட்ட இலை வெளுத்துக் கருகும். கருகியது மீண்டும் பச்சையாகாது. வெண்கோடு படர்ந்த இலையுடைய வகைகளோ, எரு மிகுந்த மண்ணில் கோடுகளை இழந்து வெறும் பச்சையாகிவிடுவதாகத் தோட்டக்காரர்கள் சொல்லுவர். தொட்டியை அடிக்கடி மாற்றுவதையும் அது பொறுக்காது. வேர்கள் நெருங்கி இறுகிக் கிடப்பதே அதற்குச் சௌகரியம். மேல்மண் உலர்ந்தபின் நீர் விடுதலும், இலைமேல் படிந்த தூசியை ஈரத்துணியால் துடைத்தலும் ஆகிய இரண்டே அனுமதிக்கப்பட்ட கைங்கரியங்கள். தூசியும் வறண்ட காற்றும் சேர்ந்தால் செதிற்பூச்சியும் செஞ்சிலந்தியும் வருமாதலின் இரண்டாவதை அலட்சியம் செய்யலாகாது. பெருக்க விரும்புவோர் வசந்தகாலத்தில் கிழங்கை, ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு மூன்று இலையும் வேரும் இருக்குமாறு பிரித்து, மரநிழலில் ஓரடிக்கு மேற்பட்ட இடைவெளியில் நட்டுவிட்டு, வேறு காரியம் பார்க்கப் போய்விட வேண்டும். எவ்வளவு காலத்துக்கு என்று கேட்பவர்கள் கீரை விதைப்பதே உசிதம்.

ஒன்றும் செய்யாத செடியால் லோகத்துக்கு என்ன பிரயோஜனம் என்று பூர்வபக்ஷிகள் ஆக்ஷேபிக்கக்கூடும். ஜப்பானியர் உணவு அடைக்கும் பேழைகளில், சோறும் மீனும் ஒன்றன் சுவையை மற்றொன்றுக்கு ஏற்றிவிடாதபடி, இதன் இலையை வெட்டி நடுவே நிறுத்துவார்கள். இக்காலத்தில் அவ்விடத்தைப் பச்சைப் பிளாஸ்டிக் துண்டு பிடித்துக்கொண்டது. அன்றியும், 1938-ல் கிரேசி ஃபீல்ட்ஸ் என்ற பாடகி உலகத்திலேயே மிகப் பெரிய அஸ்பிடிஸ்ட்ராவைப் பற்றி ஒரு வேடிக்கைப் பாட்டுப் பாடி இங்கிலாந்து முழுவதையும் சிரிக்க வைத்தார். 1942-ல் ஸஸெக்ஸ் மாவட்டத்துக் குரோபரோவில், பகைவரின் வானொலிபோல் நடித்து ஜெர்மானியரைக் குழப்புவதற்காக நிறுவப்பட்ட, 500 கிலோவாட் சக்தியுள்ள ஒலிபரப்பு யந்திரத்துக்கும் ஆங்கிலேயர் இதே பெயரைச் சூட்டினார்கள். பிறவி மௌனியின் பெயரை அத்தகைய இரைச்சலுக்கு இட்டது தகுமா என்பது தனி ஆராய்ச்சிக்குரியது; செடியிடமிருந்து மறுப்பு எதுவும் வந்ததாகத் தகவல் இல்லை.

ஆகவே, இதனைத் தம் வசம் வைத்திருக்கும் வாசகர்கள், இக்கட்டுரையைப் படித்துக்கொண்டே பழக்கத்தினால் கையில் நீர்ச்செம்பை எடுத்திருப்பார்களாயின், விரலால் மேல்மண்ணைத் தொட்டுப் பார்த்து, ஈரம் இருக்குமானால், அச்செம்பைத் தயவுசெய்து கீழே வைத்துவிடும்படி வினயமாகக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.