வாடகை கேட்காத வீட்டுக்காரருக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: ஆணையர் குழு, ஹாமில்டன் கவுன்டி, சின்சினாட்டி, ஒஹையோ.

பொருள்: பெங்கால்ஸ் அணிக்குக் கொடுத்த நிபந்தனைகளிலேயே வீடு வாடகைக்குக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர்களுக்கு,

விண்ணப்பதாரர் சென்னையில் வாடகைக்குக் குடியிருப்பவர். பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தவர். சுவரில் ஆணி அடிக்க அனுமதி இல்லாதவர். குழாயில் வாஷர் போனால் சொந்தக் காசில் மாற்றுபவர். ஒஹையோ ஆற்றங்கரையில், நகரின் மையத்தில், கவுன்டி (மாவட்ட) நிர்வாகம் பெங்கால்ஸ் அணிக்குக் கட்டி வாடகைக்கு விட்ட அமெரிக்கக் கால்பந்து அரங்கின் ஒப்பந்த விவரங்களைப் படித்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் வரவில்லை.

கதை 1995-இல் தொடங்குகிறது. புது அரங்கம் இல்லையென்றால் அணி பால்டிமோருக்குப் போய்விடும் என்று பேச்சு. அதே ஆண்டில் ஒஹையோவின் இன்னொரு நகரமான கிளீவ்லாந்தின் அணி பால்டிமோருக்குக் கிளம்புவதாக அறிவித்தது, ஊரே பயந்தது. 1996 மார்ச்சில், பெங்கால்ஸுக்கு ஒன்று, ரெட்ஸ் பேஸ்பால் அணிக்கு ஒன்று என இரண்டு அரங்கங்களுக்காக விற்பனை வரியை அரை சதவீதம் கூட்ட மக்கள் வாக்களித்தார்கள். பிள்ளைக்கு 40 டாலரில் ஷூ வாங்கினால் 20 சென்ட் அரங்கத்துக்கு. அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு ஆட்டம் பார்க்கப் போனால் டிக்கெட் தனி. கூடவே ஓர் இனிப்பும் தரப்பட்டது: இந்த வருமானத்தில் ஒரு பங்கைக் கொண்டு வீட்டு வரி குறையும் என்று.

சுமார் 45 கோடி டாலரில் கட்டிய அரங்கம் 2000-இல் திறந்தது. 1997-இல் எழுதிய ஒப்பந்தப்படி அணி வாடகை கொடுக்க வேண்டியிருந்தது 2009 வரைதான். அதன்பின் வாடகை கிடையாது. 2017 முதல் ஆட்ட நாள் செலவையும் கவுன்டியே அணிக்குத் திருப்பித் தர வேண்டியிருந்தது. குடியிருப்பவர் வீட்டு விசேஷத்துக்கு வீட்டுக்காரர் இலை போட்டுப் பரிமாறி, சமையல்காரருக்குக் கூலியும் கொடுத்து, மொய்யை மட்டும் குடியிருப்பவரிடமே விட்டுவிட்டு வருவதுபோல. உலகத்தில் வேறெங்கும் இப்படி ஒரு வீட்டுக்காரர் கிடைக்கமாட்டார்.

விண்ணப்பதாரரை மிகவும் கவர்ந்தது அந்த ஒப்பந்தத்தின் மேம்பாட்டுப் பிரிவு. வேறு 14 அரங்கங்களில் ஒரு புதுக் கருவி வந்துவிட்டால், சின்சினாட்டியிலும் அதைக் கவுன்டி வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. பட்டியலில் ஹோலோகிராம் ரீப்ளே கருவியும் உண்டு. அரங்கம் தன்னைத்தானே கழுவிக்கொள்வதற்கான இயந்திரமும் உண்டு. இரண்டும் அன்றைக்கு எங்கும் இல்லை. இல்லாத பொருளுக்கும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்ட அந்தத் தாராளத்தை என்னவென்று சொல்வது! தெருவில் 14 வீடுகளுக்கு ஏ.சி. வந்துவிட்டது என்று இங்கே ஓனரிடம் சொன்னால், அந்த வீடுகளில் ஒன்றுக்குக் குடிபோகச் சொல்வார்.

பிறகு விற்பனை வரி எதிர்பார்த்த அளவு வரவில்லை. அரங்க நிதியில் துண்டு விழுந்தது. 2011-இல் டிரேக் சென்டர் என்ற பொது மருத்துவமனையை 1.5 கோடி டாலருக்கு விற்க முடிவானது. வாக்குறுதி கொடுத்த வீட்டு வரிச் சலுகையிலும் வெட்டு விழுந்தது. நோயாளியின் கட்டிலை விற்றுக் குடித்தனக்காரரின் சோபாவுக்கு உறை தைத்த கருணை இது.

திட்டத்தை முன்னின்று நடத்திய ஆணையர் பாப் பெடிங்ஹாஸ் 2000 தேர்தலில் தோற்றார். பின்னர் பெங்கால்ஸ் அணியிலேயே வேலைக்குச் சேர்ந்தார். வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் இத்தனை ஒற்றுமையாக இருப்பதைச் சென்னையில் பார்க்க முடியாது.

2025 ஜூனில் மூன்று ஆணையர்களில் இருவர் ஆதரிக்க, ஒருவர் எதிர்க்க, புது ஒப்பந்தம் நிறைவேறியது. அரங்கைப் புதுப்பிக்க 47 கோடி டாலர்: கவுன்டி 35 கோடி, அணி 12 கோடி. வாடகை என்ற சொல் இம்முறை ஒப்பந்தத்துக்குத் திரும்பியிருப்பது சற்றுக் கவலை தருகிறது. தங்கள் தாராளம் குறைந்துவருகிறதோ என்னவோ. குத்தகைக் காலம் 11 ஆண்டுகள்.

விண்ணப்பதாரருக்கும் 11 என்ற எண் நன்றாகப் பழக்கம். இங்கே அது மாதக் கணக்கு. ஆகவே இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு வீட்டை, 2025-ஆம் ஆண்டு நிபந்தனைகளில் அல்லாமல், 1997-இல் எழுதிய பழைய ஒப்பந்தத்தின் நிபந்தனைகளிலேயே வழங்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறார். மறுத்தால் பால்டிமோருக்குப் போய்விடுவார்.

இப்படிக்கு,
வாடகைதாரர்

இணைப்பு: தற்போதைய வீட்டின் 11 மாத ஒப்பந்த நகல். இதில் ஹோலோகிராம் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆணி பற்றி மூன்று வரிகள் உண்டு.