பிரபுவின் மரம் பூக்காமை: ஓர் ஆய்வு முன்னுரைக்கு முன்னுரை

மரத்தை எப்படி வளர்ப்பது என்று சொல்வதற்கு முன், அதை யார் கண்டுபிடித்தார் என்று சொல்லிவிடுவதே ஆய்வு மரபு. 1827-இல் கல்கத்தா தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளர் நதானியேல் வாலிக், பர்மாவில் சால்வின் ஆற்றங்கரையில் ஒரு பழைய பௌத்த மடத்துத் தோட்டத்தில் இரண்டு மரங்களைக் கண்டார். அப்பகுதி மக்கள் அதன் பூக்களைக் கை நிறைய அள்ளிப் புத்தர் சிலைகளின் முன் படைத்து வந்தனர். ஆயினும் மரம் அதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. படைத்தவர்கள் எவரும் லத்தீனில் எழுதாததே காரணம் (காண்க: முந்தைய வாக்கியம்). கவர்னர் ஜெனரல் ஆம்ஹெர்ஸ்டின் மனைவி, மகள் பெயரால் அது அம்ஹெர்ஸ்டியா நோபிலிஸ் ஆயிற்று.

புளிக்கும் அசோகுக்கும் உறவுக்கார மரம். தளிர்கள் பிழிந்து போட்ட துணிபோல் துவண்டு தொங்கும். நீண்ட காம்பில் செந்நிறப் பூக்கள் சரமாக இறங்கும், இதழ் நுனியில் மஞ்சள். ஓரிரு நாளில் உதிர்ந்துவிடும். விதை பிடிப்பது அபூர்வம், ஆகவே கிளையில் பதியம் போட்டுத்தான் பெருக்க வேண்டும். குளிர் ஆகவே ஆகாது.

தண்ணீர்: ஊற்ற வேண்டும்.

இனி மையச் சிக்கல். இங்கிலாந்தில் டெவன்ஷயரின் ஆறாம் பிரபு இந்த மரத்துக்காகவே 1835-இல் ஜான் கிப்சன் என்ற தோட்டக்காரரைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். 1837-இல் அவர் செடியோடு திரும்பினார். பிரபுவின் சாட்ஸ்வர்த் தோட்டத்துக்குத் தலைவர் ஜோசப் பாக்ஸ்டன். அங்கே அப்போது எழும்பிக்கொண்டிருந்த பெரிய கண்ணாடி மாளிகைக்கு எட்டுக் கொதிகலன்கள். கரி வர நிலத்தடித் தண்டவாளம், புகை வெளியேற நிலத்தடிக் குழாய். வெப்பத்துக்குப் பஞ்சமில்லாத தோட்டம். ஆனாலும் பன்னிரண்டு ஆண்டுகள் மரம் பூக்கவில்லை.

ஏன்? வெப்பம் போதவில்லை என்பது முதற்கட்சி. அதிகம் என்பது இரண்டாம் கட்சி. இரு கட்சியாரும் ஒருவரையொருவர் மறுத்து மறுத்தே பதவி உயர்வு பெற்று, ஒரே நாளில் ஓய்வும் பெற்றனர். பகலில் அதிகம், இரவில் குறைவு என்று சமரசம் பேச வந்தவரை இருவரும் சேர்ந்து துறையைவிட்டே விரட்டினர். மரத்துக்குப் பிரபுவைப் பிடிக்கவில்லை என்பது மூன்றாம் கட்சி. இதற்கான சான்று, அக்கட்சித் தலைவரின் அச்சேறாத பேருரையில், கரையான் தின்ற நாற்பதாம் அடிக்குறிப்பில் இருக்கிறது. அதைப் படித்தவர் இன்று இல்லை. படித்தவரோடு ஒரே பேருந்தில் போனவர் ஒருவர் இருக்கிறார். அவரை மேற்கோள் காட்டி இதுவரை எழுந்துள்ள ஆய்வேடுகளில், பேருந்து எந்த வழித்தடத்தில் ஓடியது என்பதே முதல் ஐந்து இயல்கள் (ஒப்பிடுக: இக்கட்டுரை, மூன்றாம் பத்தி, 'தண்ணீர்', குறிப்பாக அதன் முற்றுப்புள்ளி).

1849-இல் லண்டனுக்கு அருகே ஈலிங்கில் லூயிசா லாரன்ஸ் என்ற அம்மையாரின் கண்ணாடி வீட்டில் மரம் பூத்தே விட்டது. முதல் கொத்து விக்டோரியா அரசிக்குப் போயிற்று. பூத்த மரம் பூக்காமைக் கோட்பாட்டின் எல்லைக்குள் வராது என்பதால் மூன்று கட்சிகளும் இதைக் கணக்கில் எடுக்கவில்லை.

பாக்ஸ்டனும் சும்மா இருக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில், அரசியின் பெயரையே தாங்கிய அமேசான் ராட்சத அல்லியை இங்கிலாந்தில் முதன்முதலாகப் பூக்கவைத்தார். அல்லியை மரமாகக் கருதலாமா என்று ஆராயத் தனித்துறை கேட்டு, மூன்றாம் கட்சி விண்ணப்பித்திருக்கிறது.