ஊடலுக்குன்னு ஒரு தெரு

புருசன் பொண்டாட்டி சண்டைக்குன்னு தனியா ஒரு தெருவையே ஒதுக்கி வச்ச ஊரு எதுன்னு சொல்லு பாப்பம். நம்ம திருவண்ணாமலைதான். திருவூடல் தெரு. கல்யாணமாயி இன்னும் மருதாணி செவப்புகூட சரியா போவல, அதுக்குள்ள "ஆயா, அவ ரெண்டு நாளா மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு இருக்கா, நீ வந்து புத்தி சொல்லு"ன்னு அடி அண்ணாமலைக்கு ஓடி வந்திருக்க. புத்திதான, சொல்றன். அவளுக்கில்ல, உனக்கு. உக்காரு. அந்த மல்லாட்டய உரிச்சிக்கினே கேளு. கை சும்மா இருந்தா ஆம்பளைக்கு கோவம் வரும்.

தை ரெண்டாம் நாளு, மாட்டுப் பொங்கல் சாயங்காலம். பிருங்கின்னு ஒரு முனிவரு. சாமியத்தான் கும்புடுவேன், அம்மாவக் கும்புட மாட்டேன்னு நின்னவரு. ரெண்டு பேரும் ஒட்டி உக்காந்தா வண்டா மாறி நடுவுல பூந்து சாமிய மட்டும் சுத்திட்டுப் போன ஆளு. அவருக்குக் காட்சி குடுக்க சாமி கெளம்புறாரு. என்னை மதிக்காதவனுக்கு என்ன காட்சி வேண்டிக் கெடக்குதுன்னு உண்ணாமுலையம்மா கேக்குது. ஞாயந்தான? சாமி கேக்கல. அம்மா விடுவிடுன்னு கோயிலுக்குப் போயி கதவச் சாத்திக்கிச்சி. சுந்தரரு தூது போயி பாத்தாரு, வேலைக்காவல. அன்னிக்கு ராத்திரி சாமிக்கு குமரக்கோயில்ல படுக்கை. பெத்த புள்ள வூடு இருக்குதேன்னு தப்பிச்சாரு. மறுநாளு மலைய சுத்தி 14 கிலோமீட்டரு போயி, பிருங்கிக்குக் காட்சி குடுத்துட்டுத் திரும்பி வந்தப்புறந்தான் மறுவூடல், சமாதானம் எல்லாம்.

சாமியே 14 கிலோமீட்டரு. நீ இன்னா பண்ண? வாட்ஸப்புல ஒரு ரோசாப்பூ பொம்மைய அனுப்பிட்டு, பதில் வரலன்னு பஸ் ஏறி வந்துட்ட.

அம்மா கதவச் சாத்துற கூத்தப் பாக்க தெரு கொள்ளாத கூட்டம். கன்னத்துல போட்டுக்கிறான், கற்பூரம் ஏத்துறான். வூட்டுக்குப் போனதும் மருமவ கதவச் சாத்துனா அதே ஆளு "அவங்கம்மா வளத்த வளப்பு அப்புடி"ன்றான்.

நல்லா கவனி. பிருங்கி அம்மாவ அடிக்கல, வையல. கண்ணெதிர்ல இருக்கறவள இல்லாதவ மாதிரி தாண்டிப் போனாரு. அவ்ளோதான் அவரு பண்ண குத்தம். அதுக்கே அந்தக் கோவம். இந்த ஊர்ல இப்ப எத்தன பிருங்கி திரியுறான்னு எண்ணிப் பாரு. கதவத் தட்டுறான் ஒருத்தன். பொம்பள தொறக்குறா. அவ மூஞ்சிக்கு நேராவே "வீட்ல யாரும் இல்லீங்களா?"ன்னு கேக்குறான். அந்தக் கூத்தக்கூட பொறுத்துக்கலாம். இவ "யாரும் இல்லீங்க, சாயங்காலமா வாங்க"ன்றாளே, அதத்தான் என்னால தாங்க முடியல.

2016ல உள்ளாட்சியில பொம்பளைக்கு பாதி எடம்னு சட்டம் போட்டாங்க. எத்தனயோ ஊர்ல ஓட்டு வாங்கி ஜெயிச்சது பொண்டாட்டி, "தலைவரே"ன்னு கூப்புட்டா திரும்பறது புருசன். ஆரணிப் பக்கம் போய்ப் பாரு. நூலு சுத்தறது, தாரு போடறது எல்லாம் வூட்டுப் பொம்பள கை. சேலைய நெஞ்சது யாருன்னா ஆம்பள பேரு. கூலியும் அவன் கையில.

உன் தங்கச்சி படிச்சிட்டு வந்து ஒரு கணக்கு சொன்னா. எனக்கு அறிவொளியில எழுத்துக் கூட்டத்தான் சொல்லிக் குடுத்தாங்க, கணக்கு நானா கத்துக்கிட்டது. 2024ல அரசாங்கம் நாடு பூரா எடுத்த கணக்காம். வூட்டு வேலை செய்யற பொம்பளைக்கு ஒரு நாளைக்கு 289 நிமிசம் அதுக்கே போவுது. ஆம்பளைக்கு 88. பரவால்லயே, 88 நிமிசம் செய்யறானேன்னு சந்தோசப்படாத. அது வேலை செஞ்ச ஆம்பளைய மட்டும் எடுத்துப் போட்ட கணக்கு. குடிச்ச டம்ளர அந்த எடத்துலயே வச்சிட்டு எழுந்து போற உன்ன மாதிரி ஆளு அந்தக் கணக்குலயே வரமாட்டான்.

பிருங்கி கதைய முழுசா கேளு. என்னை வேணாம்னா எம் பங்கத் திருப்பிக் குடுன்னு அம்மா கேட்டுச்சாம். ஒடம்புல சதையும் ரத்தமும் தாய் பங்குன்னு சொல்லுவாங்க. குடுத்ததும் மனுசன் வெறும் எலும்பு, நிக்க முடியல. அப்ப நம்ம சாமி இன்னா பண்ணாரு தெரியுமா? ஊணிக்க மூணாவதா ஒரு காலு குடுத்தாரு. அந்த எடத்துலதான் அண்ணாமலையார் மேல எனக்கு மனத்தாங்கல். தப்பு பண்ண ஆம்பள கீழ வுழுந்தா, கைகுடுக்க இன்னொரு ஆம்பள எங்கிருந்தாவது வந்துடறான் பாத்தியா?

பௌர்ணமிக்கு அவளக் கூட்டிக்கினு மலை சுத்தப் போவியே, அப்பவும் பாரு. உனக்கு கையக் கால வீசி நடக்கறது, லிங்கத்துக்கு லிங்கம் விபூதி, நடுவுல ஒரு டீ. அவ எட்டு லிங்கத்தயும் கும்புடுவா, ஆனா கண்ணு தேடறது அடுத்த கழிப்பறை எங்க இருக்குன்னு. தண்ணி தாகமா இருந்தாலும் அதுக்கு பயந்து குடிக்க மாட்டா. பாதி வழியில எல்லா வூட்டுப் புள்ளயும் அம்மா இடுப்புலதான் தூங்கும். அப்பன் செல்போன்ல மலைய போட்டோ புடிச்சிக்கினு இருப்பான்.

போட்டோ எடுக்கறவன் வடக்கு கோபுரத்தயும் ஒண்ணு எடுக்கலாம். கெழக்க இருக்கற ராஜகோபுரம் 217 அடி, அதத்தான் எல்லாரும் அண்ணாந்து பாக்குறான். வடக்க இருக்கறது 171 அடி. பாதியில நின்னு கெடந்தத எழுப்பி முடிச்சது அம்மணி அம்மா, செங்கம் பக்கத்துல சென்னசமுத்திரத்துக்காரி. கல்யாணம் வேணாம்னு வந்தவ. வூடு வூடா போயி காசு கேட்டு, கல்லு கல்லா ஏத்துனா. கூலிக்கு விபூதியக் குடுத்தா, அது அவனவன் வேலைக்குத் தக்க காசா மாறுச்சுன்னு கதை சொல்லுவாங்க. பொம்பள காசு தெரட்டி கோபுரம் கட்டுனான்னு சொன்னா நம்ப மாட்டான், விபூதி காசாச்சுன்னா நம்புவான். எப்படியோ, அவ பேரு நெலச்சிடுச்சி.

கார்த்திகை தீபத்தன்னிக்கு மலை மேல ஜோதி ஏறுற நேரத்துல அர்த்தநாரீஸ்வரரு வெளிய வர்றாரே, ஒரு சில நிமிசம். வருசத்துல அந்த ஒரு தபாதான். அதப் பாக்க நசுங்கி சாவுறான் அவனவன். பாதி ஒடம்ப அம்மாவுக்குக் குடுத்த ஊருடா இது. அதுவும் சும்மா குடுக்கல, தவங்கெடந்து வாங்குனது. அரோகரான்னு தொண்ட கட்டக் கத்திட்டு மறுநாளு ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போய்ப் பாரு. அக்கா தங்கச்சி வரிசையா நின்னு விடுதலைப் பத்திரத்துல கைநாட்டு, கையெழுத்து. ஆளுக்கொரு பொடவ, ஓட்டல்ல சாப்பாடு. எனக்கு வேணாம்னு சொல்றவதான் நல்ல நாத்தனாரு.

பொம்பளைக்கு சொத்துல பங்குன்னு பெரியாரு கூட்டுன செங்கல்பட்டு மாநாட்டுல தீர்மானம் போட்டது 1929. நம்ம ராஜ்ஜியத்துல கலைஞரு சட்டமாக்குனது 1989. அறுவது வருசம் ஆச்சி. அப்பவும் முன்னயே கல்யாணம் ஆனவளுக்கு இல்லன்னுட்டாங்க. உங்க அப்பன் அப்ப பள்ளிக்கூடம் போயிக்கினு இருந்தான், எனக்கு எங்கிருந்து வரும்? 2023ல மெட்ராஸ் ஐகோர்ட்ல ஒரு தீர்ப்பு. வெளிநாட்டுல சம்பாதிச்சு அனுப்புனவன் புருசன், இங்க வூட்டயும் புள்ளைங்களயும் பாத்துக்கினவ பொண்டாட்டி. அந்தக் காசுல வாங்குன சொத்துல அவளுக்கும் சரிபாதின்னு ஜட்ஜு சொல்லிட்டாரு. வூட்டு வேலைக்கு லீவும் இல்ல, சம்பளமும் இல்ல, அதுக்கு ஒரு வெல வேணாமான்னு கேட்டாராம். அந்த மகராசனுக்கு அவங்க வூட்ல யாரு கதவச் சாத்துனாங்களோ.

நடுவுல 2005ல டெல்லிக்காரன் சட்டத்த மாத்துனான். கல்யாணம் ஆனாலும் ஆவலன்னாலும் பொண்ணுக்கும் பங்குன்னான். அப்பன் செத்துட்டாரே, இனிமே எப்படின்னு அண்ணன் தம்பிங்க கெளப்புன சந்தேகத்த 2020ல சுப்ரீம் கோர்ட்டு தீத்து வச்சிது. அப்பன் அன்னிக்கு உசுரோட இருந்தாலும் இல்லன்னாலும் பொறந்தப்பவே வந்த உரிமையாம். உன் தங்கச்சி ரெண்டு தபா படிச்சிக் காட்டுனா. மூணாவது தபா நானே படிச்சன்.

கலசபாக்கத்துல எங்கப்பன் நெலம் இன்னும் பாகம் பிரிக்கல. பாட்டன் காலத்து கழனி, கெணறு இருக்குது. இந்த வயசுல உனக்கு எதுக்கு நெலம்னு எங்கண்ணன் கேப்பாரு. கேக்கட்டும், அதுக்கு ஒரு பதிலு வச்சிருக்கேன். அது உனக்கு வேணாம். நீ போயி மொதல்ல உன் பொண்டாட்டிகிட்ட எதுக்கு கோவம்னு கேளு. கேட்டுட்டு குறுக்கப் பேசாம நில்லு. அவ முடிக்கறதுக்குள்ள உனக்கு கால் வலிச்சா ஊணிக்க காலு குடுக்க இங்க எந்த சாமியும் வரமாட்டாரு.

உரிச்சது போதும், எழுந்திரு. மல்லாட்டத் தொப்பிய யாரு கூட்டுவா? ஆங், வெளக்கமாறு கதவுக்குப் பின்னால. கூட்டிட்டு கீழத்தெரு ஆட்டோவ வரச் சொல்லு. நான் கலசபாக்கம் போறன்.