ரஸ்தாளிக்கு மூணு, ஸ்ட்ராபெர்ரிக்கு எட்டு

கே: டிஎன்ஏ எடுக்கணும் என்று பையன் இரண்டு வாழைப்பழம் கேட்கிறான். கொடுக்கலாமா? (இல்லத்தரசி, மதுரை)

ப: டிஎன்ஏவுக்கு அரைப் பழம் போதும். மீதி எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும்.

கே: வீட்டிலேயே எடுக்க முடியுமா? ஆய்வகச் சாவி ஹெச்.எம். டிராயரில் இருக்கிறது. (எட்டாம் வகுப்பு மாணவன், மன்னார்குடி)

ப: தம்பி, கோயில் நகைப் பெட்டிச் சாவியைக்கூட வருஷத்துக்கு ஒரு தடவை வெளியே எடுப்பார்கள். ஹெச்.எம். சாவி உறங்கட்டும், நீ சமையலறைக்கு வா. அரைப் பழத்தை பாலிதீன் பையில் போட்டுக் கூழாகப் பிசை. அரை டம்ளர் தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பு, இரண்டு ஸ்பூன் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் கலந்து அதில் ஊற்று. நுரை பொங்கவிடாதே. செல்லின் சவ்வும் உட்கருவின் சவ்வும் பெரும்பாலும் கொழுப்புதான். எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கிற சோப்பு அதையும் கரைத்துவிடும். டிஎன்ஏ இழைகளுக்கு எதிர்மின்னூட்டம், ஒன்றையொன்று தள்ளும். உப்பு அந்தச் சண்டையை அடக்கி ஒன்றாகச் சேரவைக்கும். இனி பழைய வேட்டித்துணியில் வடிகட்டி ஒரு கண்ணாடி டம்ளரில் எடு. ஃப்ரிட்ஜில் வைத்துச் சில்லிட்ட ஸ்பிரிட்டை டம்ளரைச் சாய்த்து, ஓரமாக, மெதுவாக ஊற்றச் சொல். ஊற்றுவது அப்பாவோ அம்மாவோ. அடுப்பு அணைந்திருக்க வேண்டும். ஆல்கஹாலில் டிஎன்ஏ கரையாது. இரண்டு திரவமும் சந்திக்கிற இடத்தில் வெள்ளையாக, சளி மாதிரி, நூல் நூலாக எழும்பி வரும். பல்குத்தும் குச்சியில் சுற்றி எடு. அப்படியே ஹெச்.எம். மேஜையில் கொண்டுபோய் வை.

கே: வெளிநாட்டுப் புத்தகங்களில் மட்டும் ஏன் ஸ்ட்ராபெர்ரி? (கல்லூரி மாணவி, கோவை)

ப: எனக்கும் அந்தப் பழத்துக்கும் ஆகாது. அழகாகச் சிரித்துக்கொண்டே புளிக்கும். ஆனாலும் நியாயம் பேசுகிறேன். நமக்குக் குரோமோசோம் இரண்டு தொகுதி. தோட்ட ஸ்ட்ராபெர்ரிக்கு எட்டு, மொத்தம் 56. ஒரு செல்லை உடைத்தாலே அள்ளிக்கொடுக்கும். ரஸ்தாளி, பூவன், நேந்திரனுக்கு மூன்று தொகுதி, மொத்தம் 33. மூன்றை ஜோடி சேர்த்துச் சரிபாதி பிரிக்க முடியாதல்லவா? அதனால்தான் விதை உருவாவதில்லை. கணக்கு உதைத்ததால் நமக்குக் கிடைத்த சுகம் அது. எட்டுத் தொகுதி வைத்துக்கொண்டு என்ன செய்ய, பஞ்சாமிர்தத்தில் போட முடியுமா?

கே: மனிதனுக்கும் வாழைக்கும் பாதி டிஎன்ஏ ஒன்றேயாமே? (திருநெல்வேலி)

ப: மைத்துனரை மனசில் வைத்துத்தானே கேட்கிறீர்கள்? செல்லின் அன்றாட வேலைகளைப் பார்க்கும் மரபணுக்கள் பலவற்றுக்கு இரண்டு பக்கமும் சொந்தம் உண்டு. எழுத்துக்கு எழுத்து பாதி என்பது கதை. மைத்துனரை விட்டுவிடுங்கள்.

கே: சோதனை முடிந்ததும் கூழைச் சாப்பிடலாமா? (சேலம்)

ப: சோப்பு போட்டதையா?

கே: நான் அரசுப் பள்ளி ஆசிரியை. வருவது வெள்ளைக் கட்டி. எங்கள் மைக்ராஸ்கோப்பில் இரட்டைச் சுருள் தெரியாது. பிள்ளைகளுக்கு இதனால் என்ன பயன்? (தருமபுரி)

ப: டிஎன்ஏ இழையின் அகலம் 2 நானோமீட்டர். உங்கள் மைக்ராஸ்கோப் பாவம், என்ன செய்யும்? கட்டியில் இருப்பது எண்ணற்ற இழைகள். கூடவே பெக்டினும் புரதமும் ஒட்டியிருக்கும். 1869-இல் ஜெர்மனியின் ட்யூபிங்கன் கோட்டையில், பழைய சமையலறையை ஆய்வகமாக்கிய இடத்தில், ஃப்ரெட்ரிக் மீஷர் என்ற இளைஞர் மருத்துவமனைக் கட்டுத்துணிகளில் இருந்த சீழைக் கழுவி எடுத்ததும் இதைத்தான். அவருக்கும் சுருள் தெரியவில்லை. இது புரதம் அல்ல, பாஸ்பரஸ் நிறைய இருக்கிறது என்று மட்டும் கண்டார். நியூக்ளின் என்று பெயர் வைத்தார். வடிவம் புலப்பட 1953 ஆயிற்று. அதற்கு வழிகாட்டிய எக்ஸ்ரே படம் ரோசலிண்ட் ஃப்ராங்க்ளினின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது; 1962-இல் வந்த நோபல் பரிசு அவரை எட்டிப் பார்க்கவில்லை; அவர் 37 வயதில், 1958-லேயே போய்விட்டார். பிள்ளைகளிடம் சுருள் படத்தை முதலில் காட்டாதீர்கள், அம்மா. இன்னும் இரண்டு டம்ளர் வையுங்கள்; ஒன்றில் சோப்பு வேண்டாம், ஒன்றில் பழமே வேண்டாம். வெள்ளை எதில் வருகிறது, ஏன் என்று அவர்களே சண்டை போடட்டும். மணி அடித்தாலும் நிறுத்தாதீர்கள்.

கே: டிஎன்ஏவைப் பார்த்து ஜாதகம் சொல்லலாமா? (காஞ்சிபுரம்)

ப: வாழைப்பழத்துக்கா? இரண்டு நாளில் கறுக்கும்.