ஒற்றை அடுக்கு அண்ணாச்சி

துபாய் சத்வாவில் பெட் ஸ்பேஸ் எடுத்துத் தங்கும் நம்மூர்ப் பையன்களின் அறை எதற்குப் போனாலும் அங்கே ஒரு காத்துச்சட்டி அண்ணாச்சி இருப்பார். பெட்டியின்மேல் ஏர் ஃப்ரையர் என்று அச்சடித்திருப்பதைத்தான் எங்கள் அறையில் காத்துச்சட்டி என்று தமிழ்ப்படுத்தி வைத்திருக்கிறோம். ஆளை அடையாளம் காண்பது சுலபம். நீங்கள் செருப்பைக் கழற்றுவதற்குள், "தம்பி, வெண்டைக்கா சாப்பிடுவியளா?" என்பார். ஆமாம் என்றால் கால் மணி நேரம் உட்கார வேண்டும். இல்லை என்றால், ஏன் சாப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள்.

எங்கள் அறை அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். ஒரு கான்ட்ராக்டிங் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். இருபது வருஷமாகச் சத்வாதான். ஒரு பக்கம் ஷேக் சாயித் சாலையின் கண்ணாடிக் கோபுரங்கள், மறுபக்கம் ஜுமைராவின் வில்லாக்கள், இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட பழைய பேட்டை இது. தையல் கடை, கார் சீட் கவர் கடை, செடிக் கடை. இவற்றுக்கு இடையிலெல்லாம் சாப்பாட்டுக் கடை. 1978-இல் திறந்த ரவி ரெஸ்டாரண்டில் இன்றைக்கும் கூட்டம். டிசம்பர் 2 சாலை என்று பெயர் மாற்றிப் பல வருஷம் ஆகியும் எல்லோரும் தியாஃபா என்றே சொல்லும் தெருவில் ஷவர்மா கம்பிகள் சுற்றிக்கொண்டே இருக்கும். மூக்கு உள்ளவன் இந்த ஊரில் பத்தியம் இருக்க முடியாது. அண்ணாச்சியும் இருபது வருஷம் இருக்கவில்லை.

அதன் பலன் கம்பெனி மெடிக்கலில் தெரிந்தது. கொலஸ்ட்ரால். டாக்டர் மூன்று விஷயம் சொன்னார்: தினமும் நட, ராத்திரி சோற்றைக் குறை, எண்ணெயைக் குறை. முதல் இரண்டையும் அண்ணாச்சி கிளினிக்கிலேயே விட்டுவிட்டு வந்தார். மூன்றாவதை மட்டும் ஹைப்பர்மார்க்கெட் ஆஃபரில், பில் போட்டு, ஒரு வருஷ வாரண்டியோடு வாங்கி வந்தார்.

முதல் வாரம் உறைந்த உருளைக்கிழங்குக் குச்சிகளைப் போட்டார். நன்றாக வந்தது. பாக்கெட்டைத் திருப்பிப் படித்தால், தொழிற்சாலையிலேயே ஒருமுறை எண்ணெயில் பொரித்து அனுப்புகிறார்களாம். இரண்டாம் வாரம் கோழி. அறை முழுக்கப் புகை, ஏ.சி.யில் மசாலா வாடை நாலு நாள் நின்றது. மூன்றாம் வாரம் வெண்டைக்காய். அன்று பிடித்ததை இன்றுவரை விடவில்லை.

வெண்டைக்காயைப் பிடித்துக்கொண்டதற்கு அவர் சொல்லும் காரணம் மொழி சார்ந்தது. யாராவது பிடிகொடுக்காமல் பேசினால், விளக்கெண்ணெயில் வெண்டைக்காயை வதக்கினாற்போல என்கிறோம். "நல்ல காய்க்கு நம்ம பாஷை செஞ்ச அநியாயத்தப் பாத்தீரா? கொழகொழப்பு அதோட கொணம் இல்லவே. தண்ணிய ஊத்துனவன் கொணம்" என்பார். வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்பதிலும் அவருக்குப் பூரண நம்பிக்கை. மெஸ் கணக்கு எழுதுவது அவர்தான். மாதா மாதம் பன்னிரண்டு திர்ஹம் உதைக்கும்.

காய் வாங்க அவரோடு போவது தனி அனுபவம். கடையில் இரண்டு வகை இருக்கும். ஒன்று சுண்டுவிரலில் பாதி நீளத்துக்குக் குட்டிக் காய். அரபிகள் இதை பாமியா என்று முழுசாகவே போட்டு, ஆட்டுக்கறி, தக்காளியோடு கொதிக்க விடுவார்கள். நறுக்காததால் கொழகொழப்பு உள்ளேயே நின்றுவிடும். இன்னொன்று நம்மூர் நீளக் காய். அண்ணாச்சி நீளக் காயின் முன்னால் நின்று, பரம்பரைப் பழக்கத்தில், நுனியை ஒடிப்பார். சட்டென்று முறிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். பாளையங்கோட்டை மார்க்கெட்டில் இது பரிசோதனை. இங்கே கேமரா இருக்கும் கடையில் பொருளைச் சேதப்படுத்துவது. மூன்று நுனி ஒடிந்ததுமே கடைப் பையன் வந்து பக்கத்தில் நிற்பான். "மாஃபி முஷ்கில்" என்று அண்ணாச்சி அவனிடம் ஒரு நுனியை நீட்டுவார். பிலிப்பைன்ஸ்காரப் பையன் அவன். அவர்களும் வெண்டைக்காய் தின்கிறவர்கள்தாம்; வேகவைத்து, புளித்த இறால் விழுதில் தொட்டுக்கொள்வார்கள். அதனால் நுனியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவான். ருசி தெரிந்தவன் எந்த நாட்டிலும் கொஞ்சம் கண்டுகொள்ளாமல் இருப்பான்.

அறைக்கு வந்ததும் உபதேசம் ஆரம்பம். முதல் கட்டளை: கழுவியபின் ஒவ்வொரு காயையும் துணியால் துடைக்க வேண்டும். அதற்கென்று ஒரு வெள்ளைத் துண்டு. அதில் யாராவது முகம் துடைத்தால் அன்றைக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டாவது: காயை நீளவாக்கில் நாலாகக் கீற வேண்டும். மூன்றாவது: கடலை மாவு, அரிசி மாவு, மிளகாய்த்தூள் ஆகியவற்றைப் பிசறினால் போதும், பிசையக் கூடாது. நான்காவதைத்தான் விரலை உயர்த்திச் சொல்வார். உப்பு கடைசியில். "முன்னாடி உப்பப் போட்டா காய் அழும். அழுத காய் மொறுமொறுங்காது."

இதில் எண்ணெய் எங்கே என்று கேட்கக் கூடாது. முதலில் ஒரு சொட்டும் இல்லாமல்தான் சுட்டார். காய்ந்த வேப்பங்குச்சி மாதிரி வந்தது. ஒருவர் நிஜமாகவே பல் குத்தினார். அதன் பிறகு ஒரு ஸ்பிரே பாட்டில் வந்தது. உள்ளே நல்லெண்ணெய். கால் கிலோ காய்க்கு இரண்டு டீஸ்பூன். "எண்ணெய் இல்லவே, பனித்துளி" என்பார். வெள்ளிக்கிழமை பிரியாணியில் மிதக்கும் எண்ணெய்க்கு அவர் இன்னும் பெயர் வைக்கவில்லை.

பிறகு விஞ்ஞானம். 2010-இல் பிலிப்ஸ் கம்பெனி பெர்லின் கண்காட்சியில் இந்தச் சட்டியை முதலில் காட்டியது முதல் ஆரம்பிப்பார். மேலே ஒரு சூட்டுக் கம்பி, அதன் தலைக்குமேல் ஒரு மின்விசிறி. 190 டிகிரிக் காற்று காயைச் சுற்றிச் சுற்றி அடிக்கும், அவ்வளவுதான் மர்மம். காயில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். வெளித்தோலின் தண்ணீர் போனால்தான் சிவக்கும். சிவப்பதற்குக் காரணமான வினையை 1912-இல் பிரெஞ்சுக்காரர் மெயார் எழுதிவைத்தார் என்று அவர் சொல்லும்போது, மெயார் ஏதோ வீரவநல்லூர்க்காரர் போலவே தோன்றும். 1500 வாட், கால் மணி நேரம், அரை யூனிட்கூட ஆகாது என்று கரண்டுக் கணக்கையும் சொல்லிவிடுவார். அந்தக் கணக்கு மட்டும் சரியாக இருக்கும். ஆனால் அதே எக்ஸ்டென்ஷனில் இன்னொருவர் அயர்ன் பாக்ஸையும் மற்றொருவர் கெட்டிலையும் செருகியிருப்பதை அவர் கூட்டவில்லை. ஒரு ஆகஸ்ட் இரவு பிரேக்கர் விழுந்து, ஏ.சி. நின்று, ஆறு பேரும் வியர்வையில் குளித்தோம். இருட்டில் அண்ணாச்சியின் குரல் மட்டும் கேட்டது: "பாதியில நின்னுட்டுடே. இனி இது தேறாது." வெண்டைக்காயைச் சொன்னார்.

எல்லாவற்றுக்கும் மேலான கட்டளை ஒன்று உண்டு. அதனால்தான் அவருக்கு ஒற்றை அடுக்கு என்ற பட்டம். "ஒண்ணு மேல ஒண்ணு ஏறப்படாது. நடுவுல காத்து போவ எடம் வேணும். நெருக்கியடிச்சா ஆவியில வெந்து சொதசொதன்னு ஆயிரும்." இதை அவர் எங்கே நின்று சொல்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். எங்கள் அறையில் மூன்று இரட்டை அடுக்குக் கட்டில், ஆறு பேர். சட்டி இருப்பது செருப்பு ஸ்டாண்டின் தலையில். பிரசங்கம் செய்கிற அண்ணாச்சியின் காதருகே மேல்கட்டில் பாயின் கால் தொங்கிக்கொண்டிருக்கும். கீழக்கரைக்கார பாய் அங்கிருந்தே, "காய்க்குக் கெடச்ச குடுப்பினை நமக்குக் கெடைக்கலியே அண்ணாச்சி" என்பார்.

ஒற்றை அடுக்கில் ஒருமுறைக்குக் கால் கிலோதான் கொள்ளும். அதுவும் வெந்து சுருங்கி ஒரு கைப்பிடி ஆகிவிடும். ஆளுக்கு அஞ்சாறு கீற்று. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் பக்கத்து அறையிலிருந்து வருவார். அவருக்கும் சேர்த்துப் பங்கு வைத்தால் இன்னும் குறையும். "அண்ணை, உந்த வெண்டிக்காய் நல்லாத்தான் இருக்கு. ஆனா உதைச் சாப்பிட்டுப்போட்டு நான் இனித்தான் சாப்பிடோணும்" என்று எழுந்து போவார். அண்ணாச்சி பாராட்டை மட்டும் எடுத்துக்கொள்வார்.

போன விடுமுறைக்கு முப்பது கிலோ லக்கேஜில் புதுச் சட்டி ஒன்றை ஊருக்குக் கொண்டுபோனார். ஒரு காலத்தில் டேப் ரெக்கார்டரும் கோடாலித் தைலமும் போன வழிதான். அம்மா பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாராம்.

"இதுக்குள்ள என்னல இருக்கு?"

"காத்தும்மா. சூடான காத்து."

"அத எதுக்குல காசு குடுத்து அங்கேருந்து சொமந்துட்டு வந்த? மச்சில போய் நில்லு, சும்மாவே அடிக்கும்."

அம்மா மச்சியில்தான் மோரும் உப்பும் போட்டு ஊறிய வெண்டைக்காயை வத்தலுக்குக் காயவைத்திருந்தார். பகலில் பாயில், ராத்திரியில் திரும்பவும் மோரில், நாலு நாள். ஒவ்வொரு துண்டும் ஒன்றையொன்று தொடாமல் ஒற்றை அடுக்காகப் பரப்பியிருந்ததை அண்ணாச்சி பார்த்தார். திரும்பி வந்து எங்களிடம் இதைச் சொல்லும்போது அவர் குரலில் தோல்வி இல்லை. "அம்மைக்குப் பிலிப்ஸைத் தெரியாது தம்பி. தத்துவம் தெரிஞ்சிருக்கு."

அந்தத் தத்துவத்துக்கு 2025-இல் ஒரு சோதனை வந்தது. மேல்வாடகைக்கு விடுகிறவர், எங்கள் அறைக்குள் ஏழாவது கட்டில் ஒன்று போடலாமா என்று டேப்போடு அளக்க வந்தார். நாங்கள் வாயில் வந்ததைப் பேசினோம். அண்ணாச்சி எதுவும் பேசவில்லை. அவரை உட்கார வைத்து இரண்டு கூடை சுட்டார். முதல் கூடையில் ஒற்றை அடுக்கு. இரண்டாவதில் மூடி அழுந்துமளவுக்கு அடைத்தார். ஒரே காய், ஒரே மாவு, ஒரே சூடு. இரண்டு தட்டையும் அவர்முன் வைத்தார். முதல் தட்டு நொறுங்கியது. இரண்டாவது ஈரத் துணி மாதிரி கிடந்தது.

"சாப்பிட்டுப் பாருங்க. ரெண்டாவது தட்டு நாங்க" என்றார்.

வந்தவர் முதல் தட்டைக் காலி செய்தார். சட்டி எந்தக் கடையில் ஆஃபர் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். கட்டிலைப் பற்றி யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அந்த ஜூன் மாதம்தான் துபாய் மாநகராட்சி, ரிக்கா, முரக்கபாத், பர்ஷா, ரஃபா, சத்வா பகுதிகளில் அனுமதியில்லாத தடுப்பு அறைகளையும் ஆள் நெருக்கத்தையும் எதிர்த்து நடவடிக்கையில் இறங்கியிருந்தது. ஏழாவது கட்டில் வரவில்லை. மாநகராட்சிக்குப் பயந்துதான் வரவில்லை என்று பாய் சொல்கிறார். அண்ணாச்சி அந்த இரண்டாவது தட்டுதான் காரணம் என்கிறார். நாங்கள் இருவரையும் மறுப்பதில்லை.

இதை எழுதுவதற்கு முன், அண்ணாச்சி டியூட்டிக்குப் போன நேரத்தில், அவர் சட்டியில் நானே ஒரு கூடை போட்டுப் பார்த்தேன். துண்டால் துடைக்கவில்லை, குழாயடியில் கழுவியதோடு சரி. கீறாமல் வட்டமாக நறுக்கினேன். மாவைப் பிசைந்தேன். பரவாயில்லை, தின்னும்படியாகவே வந்தது. இரண்டாவது கூடைக்கு உப்பை முதலிலேயே போட்டேன்; காய் நிஜமாகவே அழுதது. அப்படியே கவரில் சுற்றிக் கீழே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

ஆகவே சத்வாப் பக்கம் வந்து இப்படி ஓர் அண்ணாச்சியிடம் அகப்பட்டுக்கொண்டால், பெர்லினையும் பிரெஞ்சுக்காரரையும் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுங்கள். உப்பை மட்டும் கடைசியில் போடுங்கள். அந்த விஷயத்தில் அவர் சொல்வது சரி.