பழைய அவுட்போர்டின் காலம்: ஒரு துப்பாராய்ச்சி

கடலூர் முதுநகர்த் துறைமுகம் தொடங்கிப் பரங்கிப்பேட்டை, முடசல் ஓடை வரை விலைக்கு நிற்கும் சிறு ஃபைபர் படகுகளின் இன்ஜின்களுக்கு வயது ஐந்து. சென்ற ஆண்டும் ஐந்துதான். வரும் ஆண்டும் ஐந்தாகவே இருக்கும் என நம்ப இடமுண்டு. இந்த அரிய நிலைபேற்றை அறிவுலகம் இதுவரை கண்டுகொள்ளாதது வருந்தத்தக்கது. பின்பலகையில் மாட்டும் இன்ஜினாகிய அவுட்போர்டின் வயதை விற்பவர் வாக்கு கொண்டோ, தாள் கொண்டோ அறிய இயலாது, அது துப்பும் தண்ணீர் கொண்டே அறிய இயலும் என நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம். நீளத்தண்டு டீசல் இன்ஜின் இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. அது பெரும்பாலும் காற்றால் குளிர்வது, துப்பாது.

முதலில் மேலெல்லை. ஓலே எவின்ரூட் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் தம் அவுட்போர்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1909இல். ஆகவே அதற்கு வெகுகாலம் முந்திய பொறி கடலூரில் கிடைக்க வாய்ப்பில்லை. சில பொறிகளை நேரில் பார்த்தபின் இம்முடிவில் உறுதி தளரலாம். அடுத்து ஆவணச் சான்று. தில்லையில் பூட்டிய அறையில் கிடந்த தேவார ஏடுகளில் பெரும்பகுதியைச் செல் அரித்துவிட்டது என்பது மரபு. படகின் பதிவுச் சான்றிதழையும் இன்ஜின் வாங்கிய ரசீதையும் அரித்தது அதே செல்லின் வழித்தோன்றல் என்று விற்பவர்கள் ஒருமுகமாகக் கூறுகின்றனர்.

கல்வெட்டியலார் இங்கே குறுக்கிடுவர். படகின் பக்கப் பலகையில் பெயின்ட் உரிந்த இடத்தைப் பாருங்கள், என்பர். மேலே தற்போதைய ஓனரின் குலதெய்வம். அதன் கீழே ஒரு கட்சியின் நிறம். அடியில் நிவாரணம் கொடுத்த அமைப்பொன்றின் பெயரில் எஞ்சிய பாதி. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் இக்கரைக்கு ஃபைபர் படகுகள் ஏராளமாக வந்தன; எனவே சு.மு., சு.பி. என்ற பகுப்பு இத்துறைக்கு இன்றியமையாதது. நிவாரண எழுத்துக்கு மேல் ஒட்டுப்போட்ட தழும்பு இருந்தால் அது 2011 டிசம்பர் 30இல் கரையேறிய தானே புயலின் அடுக்கு எனவும் கொள்வர். நுட்பமான வாதம்தான். ஆனால் அவுட்போர்டு படகோடு பிறந்ததன்று. பின்பலகையில் இரண்டு கிளாம்ப் திருகுகளைத் தளர்த்தினால் அது அடுத்த படகுக்குக் குடிபோய்விடும். கோயிலின் காலத்தைச் சொல்லி உள்ளிருக்கும் சிலையின் காலத்தை முடித்துவிடும் பழக்கம் நம்மிடம் உண்டாதலால் இதை எடுத்துக்கூற வேண்டியதாயிற்று.

எஞ்சுவது வாய்மொழி மூலம்: “ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆயிடும்.” இதிலுள்ள ஏகாரம் தேற்றம் என்பது விற்பவர் உரை. வெறும் இசைநிறை என்பது மெக்கானிக்கின் மறுப்பு. “ரெண்டு இழுப்பு” எனப் பாடங்கொள்வாரும் உளர் (விற்பவர் வாய்மொழி, புரோக்கர் முன்னிலையில் திருத்திய இரண்டாம் பதிப்பு). “சோக்கைப் போட்டு, கொஞ்சம் பொறுத்து, நீங்க தள்ளி நில்லுங்க சார், தம்பி இழுப்பான்” என்ற விரிந்த பாடமும் கிடைக்கிறது (மேற்படி, டீக்கடைப் பதிப்பு, இரண்டாம் டம்ளர், அடியிலிருந்து மூன்றாம் மிடறு, ஈ மொய்த்ததால் சிதைந்த பகுதி நீங்கலாக). எப்பாடம் கொண்டாலும், இழுப்பதற்கு முன் இன்ஜின் தலையைத் தொட்டுப் பார்ப்பது ஆய்வாளர் கடன். அது சுட்டால், நாம் வருமுன்பே யாரோ இழுத்துவிட்டார்கள்.

இனித் துப்பல். அவுட்போர்டின் அடிக்காலில் ஒரு ரப்பர் இம்பெல்லர் சுழன்று தண்ணீரை மேலேற்றும். அது சிலிண்டரைச் சுற்றிச் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஏறியதில் ஒரு பங்கு பின்பக்கச் சிறுதுளை வழியே பீச்சும். தாரை மெலிந்தால் ரப்பர் தேய்ந்திருக்கலாம், உப்பு அடைத்திருக்கலாம், பிச்சாவரத்துச் சுரபுன்னைச் சேறு உள்ளே குடியிருக்கலாம். நேற்றுத்தான் புது இம்பெல்லர் மாட்டினோம், தாரை பலமாக இருக்கிறதே, இது இளமைக்குச் சான்றாகாதா என வினவின், ஆகாது. பலம் பம்பின் வயதைக் காட்டும், இன்ஜினின் வயதைக் காட்டாது. ஆகவே டிரம்மில் ஓட்டிக் காட்டுவதை ஏற்காமல் உப்பனாற்றில் இறக்கி, பாரத்தோடு இருபது நிமிடம் ஓட்டி, தாரையில் கை வைக்க வேண்டும். வெதுவெதுப்பு நலம். ஆவி பறந்தால் உள்வழி அடைபட்டது. தாரையே வராவிட்டால் உடனே அணைத்துவிட்டுத் துடுப்பைத் தேடுக.

இம்முறை துல்லியமற்றது, இரண்டு மூன்றாண்டு பிழை வரும் என்பது பேராசிரியர் தரப்பு ஆட்சேபம். ஒப்புக்கொள்ளலாம். சிலப்பதிகாரத்தை இலங்கை மன்னன் கயவாகுவைக் கொண்டு 2ஆம் நூற்றாண்டில் வைத்தவர்களும் உண்டு; கோள்நிலை கணித்து 756ஆம் ஆண்டில் வைத்த சுவாமிக்கண்ணுப் பிள்ளையும் உண்டு. இடையிலுள்ள ஆறு நூற்றாண்டுகளைத் தாங்கிய தமிழாய்வு ஓர் அவுட்போர்டிடம் மட்டும் கறார் காட்டுவது முறையன்று.

ஐயம் தீராதவர் கியர் ஆயில் திருகைக் கழற்றலாம். ஆயில் பால்போல் வெளுத்து வந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்தது உறுதி. அது ஆயிலன்று, சென்ற வாரம் வைத்த கிரீஸ் என்று விற்பவர் பாடம் ஓதுவார். அப்பாடத்துக்கு மெக்கானிக் உரை எழுதவில்லை. ஸ்பேனரைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.